இடது சுவரில் ஒரு விளக்கு

“நண்டு காலி. கேட்காரன் பாக்கி. செவ்வாய் வரேன், வடை வேணும்.”

என் கைப்பேசியில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் செய்தி இது. அனுப்பியவன் என் மனைவி வசந்தியின் தம்பி கஜேந்திரன்; எங்களுக்குக் கஜா. வானகரம் மீன் சந்தையிலிருந்து கடைகளுக்கு மீன் பெட்டிகள் ஏற்றிச் செல்லும் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். செய்திக்குக் கீழே தேதியும் நேரமும் இருக்கின்றன. நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைத் தொடர் நாட்காட்டி போல ஆகிவருகிறது என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியதால் அவற்றை இங்கே எழுதவில்லை. மழைக்காலம் தொடங்கியிருந்தது என்பது மட்டும் போதும்.

நண்டு, சந்தை நண்டல்ல. ஒரு வீடியோ கேமில் வரும் வீட்டளவு நண்டு. கஜாவின் மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கேம் பெட்டியை, கஜா நெமிலிச்சேரியில் உள்ள எங்கள் வீட்டு டிவியில் கொண்டுவந்து மாட்டியிருந்தான். அவன் வீட்டில் பிற்பகல் முழுவதும் அவன் மனைவிக்குச் சீரியல். செவ்வாய்க்கிழமை மீன் வியாபாரம் மந்தம். அதனால் செவ்வாய் பிற்பகல் எங்கள் கூடம் அவனுடையது.

கடலில் பாதி மூழ்கிய ஒரு கோட்டை. கையில் லாந்தருடன் ஒரு பெண் அதற்குள் நுழைகிறாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெரிய எதிரி நிற்கும். அதைப் ‘பாஸ்’ என்கிறார்கள். அதைத் தோற்கடித்தால் அடுத்த வாசல் திறக்கும். இடையிடையே ரகசிய அறைகள் உண்டு. எனக்கு அந்த விளையாட்டில் விளங்கியது இவ்வளவுதான். இன்றும் இவ்வளவுதான்.

படிப்பவர் பார்க்கக் கூடாது

ஆவடியில் நான் வேலைபார்த்த தொழிற்சாலையின் பொருள் கிடங்கில் ஆண்டுதோறும் இருப்பு சரிபார்ப்பு நடக்கும். இருவர் இருவராகப் போவோம். ஒருவர் பட்டியலைப் படிப்பார். மற்றவர் அலமாரியைப் பார்த்து ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்பார். படிப்பவர் அலமாரிப் பக்கம் திரும்பவே கூடாது. திரும்பினால், காகிதத்தில் இருப்பது அலமாரியிலும் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றிவிடும் என்பார் எங்கள் மேற்பார்வையாளர். நல்ல முறை. காணாமல் போன எத்தனையோ பேரிங்குகள் அந்த முறையால்தான் அகப்பட்டன.

கத்திரி வெயிலில் விளையாடத் தொடங்கிய கஜா முதலில் வழிகாட்டி இல்லாமலே அலைந்தான்; மழைக்குச் சற்று முன்புதான் இணையத்திலிருந்து அந்த விளையாட்டின் வழிகாட்டிகளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. பழக்க தோஷம். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவனை முதல் கூடத்துக்குத் திருப்பி அனுப்பி, முதல் வரியிலிருந்து படித்தேன். கஜா தரையில், டிவிக்கு மிக அருகில்.

“முதல் கூடம். இடது சுவரில் அணைந்த விளக்கு. உண்டா?”

“இல்ல மாமா.”

“நல்லா பாரு.”

“கண்ண தொறந்துகினுதான் கீறேன். செவுருதான் கீது.”

‘இல்லை’ என்று வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். பார்ப்பவர் சொல்வதே இறுதி. அதுதான் கிடங்கு விதி.

அந்த விளக்கை ஏற்றினால் சுவர் நகர்ந்து ஒரு ரகசிய அறை திறக்கும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லின. வேறு எதிலும் ஒத்துப்போகாத வழிகாட்டிகள் இதில் மட்டும் ஒத்துப்போயின. எங்கள் கோட்டையில் மட்டும் அந்த விளக்கு இல்லை. இது வேறு பதிப்பாக இருக்கலாம் என்று நினைத்தேன். சிறிய ஏமாற்றம், அவ்வளவுதான்.

முதலாளியை எங்கே அடிப்பது

வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் இருந்தன. வேகமாகப் படித்துச் சொல்வதற்காகக் கைப்பேசியிலேயே தமிழாக்கிக்கொண்டேன். அது ‘பாஸ்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் ‘முதலாளி’ ஆக்கியிருந்தது.

“முதலாளியின் சங்கிலி இடப்புறம் உயர்ந்ததும் வலப்புறம் உருளவும். முதலாளி களைத்ததும் முழங்காலில் அடிக்கவும்.”

“இன்னா மாமா உன் போனு, மொதலாளிய அடி அடின்னுது? எங்க மண்டி ஓனர் காதுல உழுந்தா நாளைக்கு லோடு குடுக்க மாட்டாரு.”

நண்டைப் பெரிய சிரமமின்றி முடித்துவிட்டான். அதற்கு இடது கொடுக்கு மட்டும்தான் பெரிது. அது ஓங்கும்போது பின்வாங்கி, கொடுக்கு மணலில் புதைந்ததும் ஏறி அடிக்க வேண்டும். நண்டு நம்மைப் பார்த்து நிற்பதால் அந்தக் கொடுக்கு நமக்கு வலப்புறமே வரும் என்று கஜா விளக்கினான். புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

கேட்காரன்தான் சிக்கல். இரண்டு கைகளிலும் சங்கிலி சுழற்றியபடி வாசலை மறித்து நிற்கும் உருவம். ஒரு வழிகாட்டி உருளச் சொன்னது. இன்னொன்று உருண்டால் சாவாய், கேடயத்தைப் பிடி என்றது. மூன்றாவது இரண்டுமே வீண், முதலில் பின்சுவர்க் கொக்கியை உடை என்றது. மூன்றையும் படித்தேன். மூன்றிலும் கஜா தோற்றான்.

“அடி எங்கேர்ந்து வர்துனே தெர்ல மாமா. சும்மா நின்னுகினு கீறான். பார்த்தா நம்ம பொண்ணு படுத்துகினு கீறா.”

“இடது சங்கிலியைப் பார்த்தியா?”

“எடது சங்கிலின்னு ஒண்ணு அவன்கிட்ட கெடயாது மாமா. உன் போனுக்குத்தான் தெரிது.”

அதற்கும் ‘இல்லை’ என்று வைத்துக்கொண்டேன்.

எந்தப் பட்டியலை நம்புவது

இங்கே சற்று விலகிப் போகிறேன். ஆவடி என்ற பெயர் ராணுவக் கிடங்கொன்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிடங்கு வருவதற்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பணியிலிருந்த காலத்திலேயே இதைத் தேடத் தொடங்கினேன். இருதரப்பாரும் யாரோ சொல்லக் கேட்டதையே சொல்கிறார்கள் என்பதுதான் நான் கண்டது.

அம்பத்தூரில் காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் கடை ஒன்று முன்பு இருந்தது. மறைத்த கண்ணாடிக் கதவு, உள்ளே சிகரெட் நெடி, பித்தான்களை அடிக்கும் சத்தம். நானும் ஒருமுறை போனேன். அங்கும் ரகசியங்கள் காற்றில் மிதந்தன: இந்தப் பித்தானை அழுத்தியபடி காசு போட்டால் கூடுதல் உயிர் கிடைக்கும், இரண்டாம் கட்டத்தில் குதிக்காமல் நின்றால் கதவு திறக்கும். எதையும் யாரும் நிரூபித்து நான் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள்.

எனவே ஒரு விளக்கு இல்லாமல் போனதோ, ஒரு சங்கிலி இருப்பதாகச் சிலர் சொன்னதோ எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

வடைத் தட்டு

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை விட்டு, ஜன்னல் கம்பியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்காரனிடம் மீண்டும் தோற்ற கஜா, ஆத்திரத்தில் அந்தப் பெண்ணைக் கோட்டையின் முதல் கூடம் வரை திரும்ப நடத்திவிட்டான். வசந்தி மசால் வடைத் தட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி டிவியைப் பார்த்தாள்.

“அந்த வெளக்கு ஏன்டா அணைஞ்சிருக்கு? ஏத்த முடியாதா?”

நான் நாற்காலியில் அப்படியே இருந்தேன். கஜாதான் கேட்டான்.

“எந்த வெளக்கு?”

“அதோ, செவுத்துல. உன் மூஞ்சிக்கு நேரா.”

“எங்கக்கா?”

“எடது கைப்பக்கம்டா. இன்னா, வெளையாடுறியா?”

அப்போதுதான் திரும்பினேன். அணைந்த பித்தளை விளக்கு ஒன்று திரையின் இடது பக்கத்தில் தெளிவாக இருந்தது. கஜா தலையை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பினான். முகம் மலர்ந்தது.

“தோ! இப்பதான் வந்திச்சி!”

“வரல. அங்கயேதான் இருந்திச்சி,” என்றாள் வசந்தி. பிறகு, “வடை ஏன் சாப்பிடல?” என்றாள்.

“நீ எங்க குடுத்த?”

தட்டு அவன் இடது முழங்காலை ஒட்டி இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

வசந்தி அவன் எதிரில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் அவன் வலது கண்ணை மூடினாள். “என் மொகம் தெரிதா?”

“இன்னாக்கா நீ, டாக்டராட்டம்...”

“தெரிதா?”

கஜா தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “பொகையா கீதுக்கா,” என்றான். “இந்தக் கண்ணு இப்டிதான்னு நெனச்சிகினு இருந்தேன்.”

அவள் எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே நானும் போனேன். தெருவில் அவனுடைய லோடு ஆட்டோ நின்றிருந்தது. வலது பக்கம் புதிதுபோல இருந்தது. இடது பக்கம் முகப்பிலிருந்து பின்கதவு வரை சுரண்டல். கண்ணாடி இருந்த இடத்தில் கம்பி மட்டும். முந்தைய வாரங்களில் நானும் அதைக் கடந்து போயிருக்கிறேன். மதுரவாயல் பக்கம் பஸ்காரர்கள் உரசிவிடுகிறார்கள் என்று கஜா சொல்லியிருந்தான். அதையும் குறித்துக்கொண்டிருந்தேன்.

வசந்தி உள்ளே வந்து கையை நீட்டினாள். “சாவியக் குடு.”

“காலைல லோடு கீதுக்கா.”

“குடு.”

“வண்டி இல்லாங்காட்டி நான் இன்னா பண்ணுவேன்? மீன தலையில தூக்கிகினு போவட்டா?”

“ஸ்கூல் புள்ளைங்க ரோட்டோரமா, எடது பக்கமாதான்டா நடந்து போவுது,” என்றாள்.

கஜா சாவியைக் கொடுத்தான். வசந்தி அதை அரிசி டிரம்மில் போட்டு மூடினாள்.

அங்கேயும் ஒரு கன்ட்ரோலர்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு மறுநாள் ரயிலும் ஷேர் ஆட்டோவுமாகப் போனோம். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் எங்காவது சிறு வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பித்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக.

கஜா உற்சாகமாகவே வெளியே வந்தான். “மாமா, இங்கயும் கேமுதான். கன்ட்ரோலர்லாம் குடுக்குறாங்கோ. ஒண்ணு வுடாம அடிச்சேன்.”

முடிவு ஒரு தாளில் வந்தது. இரண்டு வட்டங்கள். இடது கண்ணின் வட்டத்தில் பெரும்பகுதி கறுப்பு. வலது கண்ணின் வட்டத்தில் மூக்குப் பக்கம் மட்டும் கறுப்பு தொடங்கியிருந்தது. கோட்டையின் வரைபடத்தில் இன்னும் போகாத இடங்கள் அப்படித்தான் கறுப்பாக இருக்கும்.

மருத்துவர் இளம்பெண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு தேய்ந்திருக்கிறது என்றார். வலி இருக்காது, ஓரங்கள்தான் முதலில் போகும், போன இடம் கறுப்பாகவும் தெரியாது, அங்கே எதுவுமே இல்லாததுபோல இருக்கும். வலது கண் நன்றாக இருந்திருந்தால் அது இடது பக்கத்தையும் ஓரளவு ஈடுகட்டியிருக்கும். அதிலும் அதே பக்கம் குறைந்ததால்தான் விளக்கும் தட்டும் தெரியவில்லை.

“போனது திரும்பாதுங்க. இருக்கிறதைக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, ஒரு நாள்கூட விடக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது.”

“எப்பலேர்ந்து இப்டி கீது டாக்டர்?” என்றான் கஜா.

“அதுதான் எனக்கும் தெரியணும். ரொம்ப வருஷமா மெதுவா போயிருந்தா, மருந்திலேயே நிறுத்திடலாம். கொஞ்ச மாசத்துல இவ்வளவு போயிருந்தா, ஆபரேஷனுக்கு யோசிக்கணும். சில மாசம் கழிச்சு இதே டெஸ்ட் எடுத்து ஒப்பிட்டாத்தான் சொல்ல முடியும்.”

திரும்பும் வழியெல்லாம் நான் நாட்களைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி உடைந்தது எப்போது? முதல் சுரண்டல் எப்போது? கஜாவிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் “அது ஆச்சு மாமா கொஞ்ச நாளு” என்பான். எனக்கு ஆத்திரமும், எதைப் பிடிப்பது என்று தெரியாத குழப்பமும்.

கேட்காரனை வென்ற முறை

வேறொரு ஓட்டுநரை அமர்த்தி, கஜா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகத் தொடங்கினான். பெட்டி இறக்குவதும் கணக்கும் அவன் வேலை. செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்தன.

இப்போது நான் டிவியைப் பார்த்து, அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். கிடங்கு முறையைக் கைவிட்டு, பார்ப்பவனாகவும் ஆனேன். திரையில் எல்லாம் சுழல்வதால் தலை சுற்றும். நாக்கில் எலுமிச்சை ஊறுகாய் வைத்துக்கொள்வேன்.

“இடது! இடது!” என்று கத்துவேன்.

“யாரு எடது மாமா? அவனோடதா, என்னோடதா?”

அதை நான் யோசித்துச் சொல்வதற்குள் அந்தப் பெண் விழுந்திருப்பாள். வழிகாட்டிகளில் அவர்கள் எழுதிய இடது யாருடைய இடது என்ற ஐயமும் அப்போதுதான் வந்தது. மறுபடி எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றில் அது முதலாளியின் இடது. ஒன்றில் நம்முடையது. மூன்றாவதை எழுதியவருக்கே தெரியவில்லை.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தது கஜா. எந்த வழிகாட்டியிலும் அது இல்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் பெண்ணை இடது சுவரோடு ஒட்டவைத்தான். தோள் சுவரில் உரச உரச மெதுவாக நடத்தினான்.

“எடது பக்கம் செவுரு கீது. அங்கேர்ந்து எவனும் அடிக்க முடியாது. வர்றதெல்லாம் வலது பக்கம்தான் வரணும். வலதுலதான் நான் ராஜா.”

அந்தப் பக்கத்துச் சங்கிலி சுவரில் மோதிச் சிக்கியது. மற்றச் சங்கிலி வலமிருந்து வந்தது, கேடயத்தில் தாங்கினான். கேட்காரன் களைத்து ஒரு முழங்காலை ஊன்றியதும் அடித்தான். விலகி மீண்டும் சுவர். மீண்டும் முழங்கால். என் கைப்பேசி சொன்னதில் மிஞ்சிய உண்மை கேடயமும் முழங்காலும்தான். வாசல் திறந்தபோது வசந்தி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள், ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து. நாங்கள் அப்படிக் கத்தியிருக்கிறோம்.

சத்தம் அடங்கியதும் கஜா கன்ட்ரோலரை மடியில் வைத்தான்.

“வண்டியும் இப்டிதான் ஓட்டிகினு இருந்திருக்கேன் போல மாமா. ஓரத்த ஒரசிகினே.”

வசந்தி அவன் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

பார்த்தவை

கேட்காரனைத் தோற்கடித்தால் விளையாட்டில் ஒரு புதிய பக்கம் திறக்கிறது. ‘பார்த்தவை’ என்று அதைச் சொல்லலாம். அந்தப் பெண் கோட்டையில் அதுவரை கண்ட பொருள்களும் எதிரிகளும் கண்ட வரிசையில் சிறு படங்களாக நிற்கின்றன.

வரிசையில் முதல் படம், அணைந்த விளக்கு. நண்டுக்கும் முன்னால்.

“பாத்தியா மாமா!” என்று துள்ளினான் கஜா. “மொதல் நாளே பாத்துகீறேன்! நீ கேக்கும்போதுதான் மறந்திருக்கேன்!”

நானும் மகிழத்தான் தொடங்கினேன். வசந்தியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். முதல் நாள் அந்த விளக்கு அவனுக்குத் தெரிந்திருந்தால், தெரியாமல் போனது அதற்குப் பிறகுதான். அதாவது, கத்திரி வெயிலுக்கும் மழைக்கும் இடையில். மருத்துவர் சொன்ன ‘கொஞ்ச மாதம்’; அப்படியென்றால் ஆபரேஷன்.

ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு படம் எப்போது சேர்கிறது? ஒரு வழிகாட்டி, ஆட்டக்காரர் லாந்தரை அந்தப் பொருளின் பக்கம் திருப்பினால் மட்டுமே சேரும் என்கிறது. இன்னொன்று, பெண் அந்த அறையைக் கடந்தாலே சேர்ந்துவிடும், ஆட்டக்காரர் பார்க்க வேண்டும் என்பதில்லை என்கிறது. மூன்றாவது இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. படத்தின் கீழே இருக்கும் தேதியும் உதவாது. பெட்டியின் கடிகாரத்தை யாரும் சரிசெய்யாததால், அந்த விளையாட்டு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டொன்றைக் காட்டுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரே வழி, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, விளக்கின் பக்கம் திரும்பாமல் முதல் கூடத்தைக் கடந்து, கேட்காரனை மறுபடி வென்று, அந்தப் பக்கத்தைத் திறப்பது. அப்போதும் விளக்கின் படம் அங்கே இருந்தால், பார்க்காமலே அது சேர்ந்துவிடும் என்று தெரிந்துவிடும். கஜா தொடங்கியிருக்கிறான். நண்டைத் தாண்டிவிட்டான். நானும் தனியாக முயன்றேன். நண்டு என்னை விடவில்லை.

பழைய ஆட்டத்தில் விளக்கை ஏற்றினோம். சுவர் நகர்ந்தது. உள்ளே ஒரு கல் இருக்கையும் கடலைப் பார்த்த ஜன்னலும் மட்டும் இருந்தன. “இதுக்காடா இவ்ளோ பாடு?” என்றாள் வசந்தி. அவள் இப்போதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தம்பிக்குப் போன் செய்து, சொட்டு மருந்து விட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கிறாள். அவளுடைய வேண்டுதல் என்னவென்று எனக்குத் தெரியும். அந்த முதல் நாளிலும் தன் தம்பிக்கு விளக்கு தெரிந்திருக்கக் கூடாது என்பதுதான் அது.

மருத்துவமனையில் அடுத்த சோதனை மாசியில். கேட்காரன் அதற்கு முன் விழுவானா என்று சொல்ல முடியாது. முதல் நாள் அந்த விளக்கைக் கஜா பார்த்தானா என்பது, இதை எழுதும்வரை, சரிபார்க்கப்படவில்லை.